ஓர் உகரம்

தலை முழுக்க மையைப் பூசிவிட்டு, "அரை மணி நேரம் அப்படியே உக்காந்திருங்க சார், அசைஞ்சா காதுல வழிஞ்சுரும்" என்று சொல்லிவிட்டுப் பார்த்திபன் அடுத்த நாற்காலிக்குப் போனபோது சலூன் கடிகாரத்தில் மணி பதினொன்று இருபது. பதினொன்று ஐம்பதுக்குக் கழுவிவிட்டால் பத்து நிமிஷம் மிச்சம் இருக்கும், பத்து நிமிஷத்தில் ஒரே ஒரு சொல்லை எழுத முடியாதா என்ன என்று தணிகாசலம் நினைத்தார். நினைத்த கையோடு, ஒரு வாரமாக எழுத வராத சொல்லைப் பத்து நிமிஷத்தில் எழுதிக் கிழிக்கப் போகிறாயாக்கும் என்றும் நினைத்துக்கொண்டார். கழுத்தைச் சுற்றிக் கட்டியிருந்த துணிக்கு அடியில் இரண்டு கையும் மடியில் கிடந்தன. சட்டைப் பையில் போன் ஒரு முறை அதிர்ந்து அடங்கியது. யாரோ குழுவில் முன்கூட்டியே வாழ்த்துச் சொல்கிறார்கள். காலையிலிருந்து இப்படித்தான், இட்லி சாப்பிடும்போது ஒன்று, செருப்பு மாட்டும்போது ஒன்று. கண்ணாடியைக் கழற்றிப் பவுடர் டப்பாவுக்குப் பக்கத்தில் வைத்துவிட்டதால் எதிரே இருந்த பெரிய கண்ணாடியில் கறுப்புத் தொப்பி போட்ட மாதிரி ஓர் ஆள் மங்கலாகத் தெரிந்தான். அவனுக்கு ஐம்பத்து மூன்று வயது என்று யாரும் சொல்ல முடியாது, அவனுக்கு முகமே இல்லையே. ஞாயிற்றுக்கிழமை பன்னிரண்டு மணிக்குள் ஒரு முடிவு எடுக்க வேண்டிய மனிதன் பதினொரு மணிக்குத் தலைக்கு மை அடிக்க வந்து உட்காருவானா? உட்காருவான். கை இரண்டையும் கட்டிப்போட இதைவிட நல்ல இடம் அம்பத்தூரில் வேறு எங்கே இருக்கிறது?

ஒற்று என்று பெயர் வைத்தது யார் என்பதே இப்போது மறந்துவிட்டது. தமிழில் எழுதும்போது வரும் பிழைகளைப் பிடித்துத் திருத்தும் மென்பொருள் அது. காசு வாங்காமல், யாரும் யாருக்கும் முதலாளி இல்லாமல், பதினேழு ஊர்களில் இருந்துகொண்டு முப்பது பேர் சேர்ந்து கட்டியது, யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம், பிரித்துப் பார்க்கலாம், திருத்தலாம். முதலாளி இல்லையே தவிர தலைவர் என்று ஒருவர் தேவைப்பட்டது. எது உள்ளே வரலாம், எது வெளியே போக வேண்டும், யாருக்குச் சாவி கொடுப்பது என்று சொல்ல ஒருவர் வேண்டுமல்லவா? இதுவரை இருந்தவர் கண் ஆபரேஷனுக்குப் பிறகு முடியவில்லை என்று விலகிவிட்டார். அடுத்தவர் யுகேந்திரன் என்று போன ஞாயிறு ஒருவர் முன்மொழிந்தார். அவர்கள் வழக்கப்படி ஓட்டுப்பெட்டியெல்லாம் கிடையாது. பெயரைச் சொல்லி ஏழு நாள் விட்டுவிடுவார்கள். அதற்குள் யாராவது ஒருவர் குழுவில் ‘மறுக்கிறேன்’ என்று எழுதினால் போதும், எல்லாம் நின்றுவிடும், காரணம் கேட்பார்கள், பேசுவார்கள், வேறு பெயர்களும் வரும். யாரும் எழுதவில்லை என்றால் பன்னிரண்டு மணி அடித்ததும் தண்டோரா என்ற சின்ன நிரல் தானாகவே அறிவித்துவிடும். தண்டோராவுக்குத் தெரிந்தது அந்த ஒரே சொல்தான். அந்தச் சொல்லைத் தேர்ந்தெடுப்பதற்கே அந்தக் காலத்தில் இரண்டு வாரம் சண்டை போட்டார்கள். ஆட்சேபிக்கிறேன் வடமொழி என்றார் ஒருவர், எதிர்க்கிறேன் என்றால் கம்பு எடுத்துக்கொண்டு வருகிற மாதிரி இருக்கிறது என்றார் இன்னொருவர். எஸ்தர்தான் மறுக்கிறேன் என்று வைத்துக்கொள்ளலாமே என்றாள், எல்லோரும் அடங்கினார்கள். எஸ்தர் பாக்கியம். இந்தப் பெயருக்கு வந்து சேரக் கூடாது என்றுதான் கடிகாரத்தையும் பவுடர் டப்பாவையும் பார்த்துக்கொண்டிருந்தார், ஆனால் எந்தச் சந்துக்குள் நுழைந்தாலும் கடைசியில் அந்த வீட்டு வாசலுக்கே வந்து நிற்கிறது நினைப்பு.

பாளையங்கோட்டையில் ஓர் அச்சகத்தில் பிழை திருத்துகிறவள். கல்யாணப் பத்திரிகை, கோயில் நோட்டீஸ், பள்ளிக்கூட ஆண்டு மலர், எல்லாவற்றிலும் பிறர் விட்ட கால்களையும் புள்ளிகளையும் பொறுக்கிப் போடுகிறவள். மதியச் சாப்பாட்டு நேரத்தில் அச்சகத்துக் கம்ப்யூட்டரில் உட்கார்ந்து, ஆறு வருஷம், ஒற்றுக்குச் சொற்களை ஏற்றினாள். ஒவ்வொரு சொல்லுக்கும் எந்த விகுதி சேரும், எங்கே ஒற்று மிகும், எங்கே மிகாது என்று குறித்துக் குறித்து, இரண்டாயிரத்து முன்னூற்றுப் பதினாறு தடவை. இந்த எண் தணிகாசலத்துக்கு மனப்பாடம். இன்று உலகத்தில் அவர் ஒருவருக்குத்தான் தெரியும். இணையத்தில் எல்லாவற்றையும் சேமித்து வைத்திருந்த பழைய களஞ்சியத்தில் இருந்து புது இடத்துக்கு மாற்றியது அவர்தான். பழைய இடத்தில் ஆளுக்கு ஒரு புனைபெயர் இருந்தால் போதும், புது இடம் அப்படி விடாது. எந்தப் புனைபெயர் யாருடையது, அவர் மின்னஞ்சல் என்ன என்று ஒரு கோப்பில் வரிசையாக எழுதிக் கொடுக்க வேண்டும். எஸ்தருக்கு அப்போது சொந்தமாக மின்னஞ்சல் கிடையாது. அந்த வரி காலியாக இருந்தது, காலியாக இருந்ததால் ஏற்றம் பாதியில் நின்றது. இரண்டாவது தடவையும் நின்றது. கல்லூரியில் மதியம் பரீட்சைத் தாள் அச்சடிக்க வேண்டும் என்று முதல்வர் அறையிலிருந்து கூப்பிட்டு அனுப்பியிருந்தார்கள். மூன்றாவது தடவை தணிகாசலம் மேல் வரியில் இருந்த பெயரையும் முகவரியையும் அப்படியே எடுத்து அந்தக் காலி இடத்தில் ஒட்டினார். பிறகு மாற்றிக்கொள்ளலாம். மேல் வரி யுகேந்திரனுடையது. ஏற்றம் ஓடி முடிந்தது, எஸ்தர் செய்தது அத்தனையும் யுகேந்திரன் பெயரில். எல்லோரும் அவரவர் கணினிக்கு அதைப் பிரதி எடுத்துக்கொண்டார்கள். இனி மாற்ற வேண்டுமானால் அத்தனை பேரும் தங்கள் பிரதியைத் தூக்கிப் போட்டுவிட்டுப் புதிதாக எடுக்க வேண்டும், ஏன் என்று கேட்பார்கள், ஏன் என்று சொல்ல வேண்டும். பிறகு என்பது நாலு வருஷம் ஆகிவிட்டது.

மண்டையில் ஓர் இடம் அரித்தது. அரிக்கிறதா எரிகிறதா என்று தெரியவில்லை. சொறிய முடியாது. பக்கத்து நாற்காலிக்காரர் தன் மச்சான் வீட்டுப் புதுமனைப் புகுவிழாவில் சாம்பாரில் உப்பில்லை என்பதைப் பார்த்திபனிடம் விவரமாகச் சொல்லிக்கொண்டிருந்தார், பார்த்திபன் கத்தரிக்கோலை நிறுத்தாமல் "அடடா, அடடா" என்றான். சாம்பார் என்றதும் அந்த மெஸ். ஒரே ஒரு தடவைதான் எஸ்தரை நேரில் பார்த்தது, பாளையங்கோட்டையில் ஒரு சனிக்கிழமை, குழுவில் ஏழெட்டுப் பேர் கூடியபோது. மெலிந்த கை, நடுவிரலில் சிவப்பு மைக்கறை. சாப்பிட உட்கார்ந்ததும் மேஜையில் இருந்த அட்டையை எடுத்து, பையிலிருந்து பேனாவையும் எடுத்து, பொறியல் என்று இருந்ததை அடித்துப் பொரியல் என்று திருத்தினாள். பரிமாறுகிறவர் பார்த்துவிட்டு, "ஏட்டி, அது என்ன உங்க வீட்டு நோட்டா?" என்று சத்தம் போட, அவள் சிரித்துக்கொண்டே பேனாவை மூடினாள். அப்போது சொன்னதுதான். "பொறியலைக்கூட நம்ம கருவி பிடிச்சிரும் அண்ணாச்சி. மறுக்கிறேன்னு எழுத நெனச்சவன் மறக்கிறேன்னு எழுதிட்டான்னு வைங்க, என்னத்தப் பிடிக்கும்? ஓர் உகரம் போச்சு, அவ்வளவுதான். ரெண்டும் சரியான சொல்தான். சரியான சொல்லு தப்பான எடத்துல உக்காந்துட்டா அத எந்தக் கருவியாலயும் கண்டுபிடிக்க முடியாது. எழுதுனவன்தான் சொல்லணும்." எல்லோரும் தலையாட்டினார்கள். தணிகாசலமும் ஆட்டினார், ரசம் ஊற்றச் சொன்னார். களஞ்சியத்தை மாற்றியது அதற்கு அப்புறம்தான், சரியாக ஐந்து வாரம் கழித்து. ஆக, தெரியாமல் செய்தேன் என்று சொல்ல அவருக்கு வாயில்லை. யுகேந்திரன் என்பதும் சரியான பெயர்தானே.

அவள் அப்போதே கேட்டாள். "அண்ணாச்சி, புது எடத்துல எம்பேரு காங்கலியே. எங்கனயாவது ஒளிஞ்சிருக்கா?" பார்க்கிறேன் என்று எழுதினார். அவள் ஒரு மின்னஞ்சல் தொடங்கி, புது இடத்தில் மூன்று தடவை சொல் ஏற்றினாள், பிறகு நிறுத்திவிட்டாள். நிறுத்தியது அம்மாவுக்கு உடம்பு சரியில்லை என்பதாலாக இருக்கும் என்று தணிகாசலம் தானாகவே அவளுக்கு ஒரு காரணம் தயாரித்து வைத்துக்கொண்டார், அவளுக்கு அம்மா இருக்கிறாளா என்றுகூடத் தெரியாது. அதுகூடப் போகட்டும். யுகேந்திரனும் கேட்டானே. திருட்டுப் பயலாக இருந்தால் எவ்வளவு சௌகரியமாக இருந்திருக்கும். கோயம்புத்தூர்க்காரன், வாய் நிறைய மரியாதை, மூன்று வருஷத்துக்கு முன்னால் ஒரு நாள் போன் செய்து, "ஏனுங்ணா, எம்பேர்ல ரெண்டாயிரத்துச் சொச்சம் காட்டுதுங்க. நான் நூத்து நாப்பது பண்ணிருந்தாலே அதிகமுங்ணா. ஏதாச்சும் மாறிப்போச்சுங்களா?" என்று கேட்டான். ஒரு மனிதன் தன் வாசலில் வந்து விழுந்ததை எடுத்துக்கொண்டு வந்து இது உங்களுடையதா என்று நீட்டுகிறான். வாங்கிக்கொள்ள வேண்டியதுதானே? "அதெல்லாம் ஒண்ணும் இல்ல தம்பி, பழைய எடத்துல சின்னச் சின்னதா நெறைய இருந்துச்சு, நீங்க மறந்திருப்பீங்க" என்றார் தணிகாசலம். அவன் ஒரு நொடி யோசித்துவிட்டு, "இருக்குமுங்ணா" என்றான். பிறகு வந்த கூட்டங்களில் அவனை மேடையில் கூப்பிட்டபோதெல்லாம் அந்த எண்ணைச் சொல்லித்தான் கூப்பிட்டார்கள். முதல் தடவை நெளிந்தான். இரண்டாம் தடவை சிரித்தான். இப்போது அவனே சொல்லிக்கொள்கிறான், பொய் சொல்கிறோம் என்ற நினைப்பே இல்லாமல். நல்ல பையனை இப்படி ஆக்கியதும் நான்தான், அதையும் கணக்கில் சேர்த்துக்கொள்ள வேண்டியதுதான்.

போன் மறுபடி அதிர்ந்தது, இந்தத் தடவை இரண்டு முறை. மணி பதினொன்று நாற்பது, அல்லது நாற்பத்தைந்து, முள் மங்கலாக இருந்தது. யுகேந்திரன் தலைவரானால் ஆகட்டும், கெட்டிக்காரன், நாலு இடத்தில் பேசத் தெரிந்தவன், ஒற்று வளரும். இப்படி ஒரு பாதை இருந்தது, தணிகாசலம் அதில் கொஞ்ச தூரம் போய்ப் பார்த்தார். ஆனால் அவன் தன் திட்டத்தில் ஆறாவதாக ஒரு வரி எழுதியிருக்கிறானே. பத்துக்கும் குறைவாகப் பங்களித்துவிட்டு வெறுமனே குழுவில் இருப்பவர்கள் நீக்கப்படுவார்கள், பாதுகாப்புக்காக. நியாயமான வரிதான். எஸ்தர் பாக்கியம், மூன்று. போன செவ்வாய்க்கிழமை அவளிடமிருந்து தனியாக ஒரு செய்தி வந்தது, நாலு வருஷத்துக்குப் பிறகு. "அண்ணாச்சி, நல்லா இருக்கியளா? தலைவருக்கு நாமளும் நின்னு பாப்பமேன்னு ஓர் ஆசை. நிக்கணும்னா நூறு இருக்கணுமாம்லா. பட்டியல்ல எனக்கு மூணுன்னு போட்டிருக்கு. நான் நெறைய செஞ்ச மாதிரி ஞாபகம். ஒருவேள மூணுதானோ?" அந்தப் பங்களிப்புப் பட்டியலின் அடியில், சரிபார்த்தவர் கா. தணிகாசலம் என்று இருந்ததையும் அவள் பார்த்திருப்பாள், அடுத்தவர் விட்ட புள்ளியைப் பார்க்கிறவள் இதைப் பார்க்காமலா இருப்பாள். பார்க்கிறேன் என்றுதான் இந்தத் தடவையும் எழுதினார். ஒருவேளை மூன்றுதானோ. தன் ஆறு வருஷத்தையே சந்தேகப்படுகிற அளவுக்கு ஒருத்தியைக் கொண்டுவந்து விட்டாகிவிட்டது. ஏதாவது திட்டியிருந்தால் தேவலையே. சொல்லிவிடு. சொன்னால் என்ன ஆகும்? கல்லூரியில் அவர் பெயர் சிஸ்டம்ஸ் சார், பிரிண்டரில் தாள் சிக்கினால் கூப்பிடுவார்கள், சிக்காதபோது அவர் இருப்பதே யாருக்கும் தெரியாது. வீட்டில் மனைவி ஞானாம்பாள் அவர் பேசி முடிப்பதற்குள் டிவியின் ஒலியைக் கூட்டுவாள், வேண்டுமென்று அல்ல, பழக்கத்தில். ஒற்றில் மட்டும்தான் தணிகாசலம் ஐயா சொன்னால் சரியாக இருக்கும் என்று பெயர். ஒரு காற்புள்ளி தப்பாகப் போட்ட பையன்களைப் பத்து வரி எழுதி உரித்துத் தொங்கவிட்டவர். அவர்களெல்லாம் இப்போது கேட்பார்கள். நாலு வருஷமாகத் தெரியுமா? யுகேந்திரன் கேட்டபோதும் மறைத்தீர்களா? அந்த அம்மா கேட்டபோதும்? யாரும் திட்டக்கூட மாட்டார்கள், மரியாதையாகக் கேட்டுவிட்டு மரியாதையாகப் பேசாமல் இருந்துவிடுவார்கள். அப்புறம் ஞாயிற்றுக்கிழமைகளில் இந்தப் போன் அதிராது. ஐம்பத்து மூன்று வயதில் அதிராத போனை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்று நினைத்தபோது அவருக்கு உண்மையாகவே பயமாக இருந்தது, ஆஸ்பத்திரியில் அடுத்தது உங்கள் பெயர்தான் என்று சொன்னால் வருகிற பயம்.

காதுக்கு முன்னால் ஒரு சொட்டு இறங்கியது. துடைக்கக் கையை வெளியே எடுத்தார், எடுத்த கை துடைக்காமல் பைக்குள் போய்ப் போனை எடுத்தது. அவரே அதை வேடிக்கை பார்த்தார். குழு திறந்தது. கண்ணாடி இல்லாமல் எழுத்தெல்லாம் எறும்பு. மேலே மூலையில் இருந்த நேரம் மட்டும் பெரிதாகத் தெரிந்தது, பதினொன்று ஐம்பத்தாறு. பதினொன்று ஐம்பத்தாறா? பார்த்திபன் சாம்பாரிலேயே இருந்துவிட்டான். எழுது. ஒரு சொல், அவ்வளவுதான், காரணத்தை அப்புறம் கேட்பார்கள், அப்புறம் சொல்லலாம், நாளைக்குக்கூடச் சொல்லலாம், இப்போது இந்தச் சொல்லை மட்டும் போட்டுவிட்டால் எல்லாம் நின்றுவிடும். விரல் ம-வைத் தொட்டது. ற. அவர்களே செய்த விசைப்பலகைதான், இரண்டு எழுத்து வந்ததுமே முழுச் சொற்களை மேலே வரிசையாக நீட்டும். அதற்கும் எஸ்தர் ஒரு தடவை சிரித்திருக்கிறாள், எப்பவும் மறக்கிறேன்தான் முன்னாடி வருது அண்ணாச்சி, மறுக்கிறவங்க நம்மகிட்ட கம்மி போல, என்று. இரண்டு மங்கல் சொற்கள் பக்கத்துப் பக்கத்தில் நின்றன. எது எது என்று தெரியவில்லை. தெரியவில்லையா, தெரிந்துதான் தொட்டாரா என்று பிறகு எத்தனையோ தடவை தன்னையே கேட்டுப் பார்த்தார். ஒன்றைத் தொட்டார், அனுப்பினார். அனுப்பியதும் உடம்பு முழுக்க லேசாகிவிட்டது. செய்துவிட்டேன். எஸ்தர், செய்துவிட்டேன் அம்மா. கண்ணில் தண்ணீர் முட்டியது, மையின் நெடியால் என்று சொல்லிக்கொள்ளலாம். போன் உடனே அதிர்ந்தது. கையை நீட்டிப் பவுடர் டப்பா பக்கத்திலிருந்து கண்ணாடியை எடுத்து, மை ஒட்டினால் ஒட்டட்டும் என்று மாட்டிக்கொண்டு பார்த்தார்.

மறக்கிறேன். அவர் பெயருக்கு நேரே, தெளிவாக, ஒரு பிழையும் இல்லாமல். அதற்குக் கீழே யுகேந்திரன், "என்னங்ணா மறக்கறீங்க?" என்று கேட்டு ஒரு சிரிப்புப் பொம்மையும் போட்டிருந்தான். அதற்குக் கீழே இன்னும் இரண்டு பொம்மைகள். பதினொன்று ஐம்பத்தெட்டு. இன்னும் இரண்டு நிமிஷம் முழுசாக இருக்கிறது, கண்ணாடி போட்டாகிவிட்டது, எறும்புகள் எழுத்துகளாகிவிட்டன, ஓர் உகரம் சேர்த்து மறுபடி எழுதினால் தீர்ந்தது. தண்டோரா காத்துக்கொண்டுதான் இருக்கிறது. "அய்யய்யோ சார், நேரமாயிருச்சு, வாங்க வாங்க கழுவிரலாம், தோல் வெந்துரும்" என்று பார்த்திபன் ஓடிவந்து தோளைத் தொட்டான். "ஒரு நிமிஷம்ப்பா" என்றார். முப்பது பேரும் அவரைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருக்கிறார்கள், பிரியமாகச் சிரிக்கிறார்கள், ஐயாவே எழுத்தை விட்டுவிட்டாரே என்று. இந்தச் சிரிப்புக்கு நடுவில் அந்தச் சொல்லைத் தூக்கிப் போட்டால் சிரிப்பு எப்படி நிற்கும் என்று அவருக்குக் காதில் கேட்டது. முதல் தடவை அனுப்பும்போது கண் தெரியாத ஒருவனுக்கு இருந்த தைரியம் கண் தெரிகிறவனுக்கு இல்லை. கை எழுதியது. "வாழ்த்துச் சொல்லவே மறக்கிறேன் பாருங்கள் தம்பி, வயதாகிவிட்டது. மனமார்ந்த வாழ்த்துகள்." ஒவ்வோர் ஒற்றையும் பார்த்துப் பார்த்துப் போட்டார். வாழ்த்துச் சொல்ல என்ற இடத்தில் ச் மிகும். அனுப்பிவிட்டுப் போனைப் பைக்குள் போட்டார்.

தொட்டிக்கு மேல் தலையைக் குனிய வைத்து, கழுத்தைப் பிடித்து அழுத்திக்கொண்டு பார்த்திபன் தண்ணீர் ஊற்றினான். கறுப்பாக ஓடியது, ஊற்ற ஊற்றக் கறுப்பாகவே ஓடியது. பன்னிரண்டு மணி எப்போது ஆனது என்று தெரியவில்லை, சலூன் கடிகாரம் மணி அடிக்கிற கடிகாரம் இல்லை. பையில் போன் மட்டும் விடாமல் அதிர்ந்தது, நெஞ்சில் ஏதோ பூச்சி மாட்டிக்கொண்ட மாதிரி. துவாலையால் தலையைத் துவட்டி உட்கார வைத்த பிறகு எடுத்துப் பார்த்தார். தண்டோரா அறிவித்திருந்தது, மறுப்பு எதுவும் இல்லை, யுகேந்திரன் ஒற்றின் தலைவராகிறார் என்று. கீழே வாழ்த்துகள், மாலைப் படங்கள், கைதட்டல்கள், யுகேந்திரனின் நீண்ட நன்றி, அதில் தணிகாசலம் அண்ணாவுக்குத் தனியாக ஒரு வரி. எல்லாவற்றுக்கும் அடியில், குழுவில் நாலு வருஷமாக வாய் திறக்காத எஸ்தர் பாக்கியம் ஒரு வரி எழுதியிருந்தாள்.

"ரெண்டும் சரியான சொல்தான், அண்ணாச்சி."

வேறு யாருக்கும் அது புரிந்திருக்காது. ஒருவர் அதற்கும் கட்டைவிரலை உயர்த்தியிருந்தார். அவள் இன்னும் ஏதோ எழுதிக்கொண்டிருப்பதாகத் திரை காட்டியது, தணிகாசலம் காத்திருந்தார், பிறகு அதுவும் நின்றுவிட்டது. பார்த்திபன் ஒரு சின்னக் கண்ணாடியை எடுத்து அவர் தலைக்குப் பின்னால் பிடித்தான். பிடரிவரை ஒரே கறுப்பு, ஒரு வெள்ளை இல்லை.

"பாத்துக்குங்க சார். பின்னாடி சரியா இருக்கா?"

"சரியா இருக்குப்பா" என்றார்.